மறதிக்கு ஏன் மூன்று நீதி?

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்து, முடிந்த மட்டும் வேகமாகத் தட்டச் சொல்கிறார்கள். எழுதும் கையை விட்டுவிட்டு மற்றக் கையால் தட்ட வேண்டும். 5 விநாடியில் 15 முறை தட்டினால் முழு மதிப்பெண் 4. அடுத்து, கையை மேசைமேல் முட்டியாக மடக்கி வைக்க வேண்டும், விரித்து வைக்க வேண்டும், பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். 10 விநாடியில் எத்தனை சுற்று முடிகிறது என்று எண்ணுகிறார்கள். தொடக்கத்தில் சொன்ன நான்கு சொற்களைக் கடைசியில் திருப்பிக் கேட்கிறார்கள். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால், மேற்கொண்டு பரிசோதனை தேவை.

ஏதோ தாத்தா பாட்டிகளுக்கான சோதனை என்று தோன்றும். ஆனால், 2005இல் இது வெளியிடப்பட்டது எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்காக. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கடிகாரம் ஒன்று இருந்தால் போதும். எச்ஐவி உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தின்னும் கிருமி என்று நமக்குத் தெரியும். அது மூளைக்குள்ளும் குடியேறும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே, ரத்த வெள்ளணுக்களில் ஒளிந்துகொண்டு கிருமி மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. ரத்தத்தில் வருவதையெல்லாம் மூளைக்குள் விடாமல் காக்கும் தடுப்புச் சுவரை இப்படித்தான் அது தாண்டுகிறது. நரம்பணுக்களை அது நேரடியாகப் பிடிப்பதில்லை. மூளையின் காவல் அணுக்களைப் பிடிக்கிறது. அவை கக்கும் நச்சுப் புரதங்களும் ஓயாத அழற்சியும் சேர்ந்து நரம்பணுக்களை வாட்டுகின்றன. யோசனை மந்தமாகிறது, கை வேகம் குறைகிறது, கவனம் சிதறுகிறது, சொன்னது மறக்கிறது. அந்த விரல் தட்டும் சோதனை இந்த மந்தத்தைத்தான் அளக்கிறது.

கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு நிலைமை பெரிதும் மாறியது. அமெரிக்காவில் 1,555 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ‘சார்ட்டர்’ ஆய்வில், முழு மறதிநோய் 2 சதவீதம் பேரிடமே இருந்தது. ஆனால், ஏதோ ஓர் அளவில் சிந்தனைத் திறன் குறைந்தவர்கள் பாதிப் பேர். நம் நாட்டில் பரவியிருப்பது பெரும்பாலும் எச்ஐவியின் ‘சி’ வகை. இதன் ‘டாட்’ என்ற புரதத்தில் 31ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருப்பதால், மூளைக்குத் தீங்கு குறையக்கூடும் என்று பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தைச் சேர்ந்த உதயகுமார் ரங்காவின் குழு 2004இல் காட்டியது. நிம்மதி தரும் செய்திதான். தென்னிந்தியாவில் 119 பேரைச் சோதித்து 2007இல் வெளியான ஆய்வில், கடுமையான குறைபாடு ஒருவருக்கும் இல்லை. ஆனால், லேசான, நடுத்தரக் குறைபாடு 60 சதவீதம் பேரிடம் இருந்தது. வெளியே தெரியாத குறைபாடு என்பதால்தான் இது கண்ணுக்குத் தப்புகிறது.

இதனோடு போதையும் சேர்ந்தால்? இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகத் துரத்தியவர்களில் ஒருவர், அமெரிக்காவின் ஃபுளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் மாதவன் நாயர். திருவனந்தபுரத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் இஸ்ரோவின் முன்னாள் தலைவர் ஜி. மாதவன் நாயரைத்தான் நினைப்பார்கள். இவர் வேறு. ஹெராயின், கோகெயின் போன்றவை எச்ஐவியின் பெருக்கத்துக்கு எப்படித் துணைபோகின்றன என்பதே இவரது ஆய்வுக் களம். போதைப்பொருள்கள் மூளையின் தடுப்புச் சுவரைத் தளர்த்துகின்றன. கிருமி அணுவுக்குள் நுழையும் வாசல்களைப் பெருக்குகின்றன. ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் காவல் அணுக்களை மேலும் கிளறுகின்றன. கிருமி சேதப்படுத்தும் அதே டோபமைன் பாதைகளைத்தான் கோகெயினும் மெத்தாம்ஃபெட்டமினும் குறிவைக்கின்றன. ஒரே இடத்தில் இரட்டை அடி.

வேதனை என்னவென்றால், கிருமியைத் தடுக்காத அந்தச் சுவர் பல மருந்துகளைத் தடுத்துவிடுகிறது. இதற்கும் நாயரின் குழு வழி தேடியது. காந்தப் புலத்தால் இழுத்துச் செல்லக்கூடிய மிக நுண்ணிய துகள்களில் எச்ஐவி மருந்தை ஏற்றி, ஆய்வகத்தில் உருவாக்கிய தடுப்புச் சுவர் மாதிரியைத் தாண்டவைத்து, அப்பால் வேண்டிய நேரத்தில் விடுவிக்க முடியும் என்று 2013இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் எழுதினார்கள். நோயாளியின் கைக்கு வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால், மறதி, எச்ஐவி, போதை மூன்றையும் ஒரே மூளையின் பிரச்சினையாகப் பார்த்தால்தான் இப்படியொரு யோசனையே பிறக்கும்.

நம் மருத்துவ ஏற்பாடு அப்படிப் பார்ப்பதில்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொந்த ஊர் ஆஸ்பத்திரி மாதிரி. அங்கே ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது. மறதிநோய் ஆய்வில் இந்தியாவுக்கே முன்னோடியான இடம் அது. நரம்பியல் மருத்துவர் பி.எஸ். மதுரநாத் அங்கிருந்தபோது, கேம்பிரிட்ஜில் தாம் பங்கேற்று உருவாக்கிய அறிவுத்திறன் சோதனையை மலையாளத்துக்கு ஏற்ப மாற்றினார். திருவனந்தபுரத்தில் 55 வயதைக் கடந்த 1,066 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் புதிதாக அல்சைமர் வருகிறது என்று அவரது குழு கணக்கிட்டது. அதே வளாகத்தில் எச்ஐவி நோயாளிகளுக்கான ஏஆர்டி (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையமும் இருக்கிறது. போதை மீட்போ கலால் துறையின் ‘விமுக்தி’ இயக்கத்தின் வழியாக வருகிறது. மூன்று வாசல்கள். மூன்று துறைகள், மூன்று கோப்புகள். மனிதர் மட்டும் ஒருவர்.

வாசல் மாறினால் நீதியும் மாறிவிடுகிறது. எழுபது வயதுப் பெரியவர் மாத்திரை போட்டாரா என்பதை மறந்தால், ‘பாவம், வயசாயிடுச்சு’ என்கிறோம். முதியோர் விகிதத்தில் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் கேரளம், மறதிநோய்க்கென ‘ஓர்மத்தோணி’ என்றொரு திட்டமே வைத்திருக்கிறது. நினைவுத் தோணி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு பரிவான பெயர்! முப்பத்தைந்து வயது எச்ஐவி நோயாளி மறந்தால் அது ‘அலட்சியம்’. போதையிலிருந்து மீளப் பார்க்கும் இளைஞர் வரச் சொன்ன நாளை மறந்தால் அது ‘திமிர்’.

ஏஆர்டி மையத்தில் மீதி மாத்திரைகளை எண்ணுவார்கள். 95 சதவீதத்துக்குக் குறையாமல் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு ஒன்று வீதம் 30 மாத்திரை என்றால், 2 விட்டுப்போனாலே கணக்கு 93க்கு இறங்கிவிடும். அந்த 2 மாத்திரை ஏன் மிஞ்சியது? சோம்பலா, வீட்டார் கண்ணில் படக்கூடாதென்ற பயமா, பஸ் காசு இல்லாத கஷ்டமா, மூளையே மந்தப்பட்டதா? கடைசிக் காரணமென்றால், கண்டிப்பான அறிவுரை வீண். மறதியால் மாத்திரை தவறும். மாத்திரை தவறினால் கிருமி பெருகும். கிருமி பெருகினால் மறதி முற்றும். இந்தச் சுழலில் சிக்கியவரைத் திட்டுவது, கண் தெரியாதவரைப் பார்த்து நடக்கச் சொல்வது போல.

இது தூரத்து ஆபத்தும் இல்லை. மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஊசி பகிர்ந்து போதை ஏற்றிக்கொண்ட 10 பேருக்கு எச்ஐவி இருப்பது 2025 மார்ச்சில் தெரியவந்தது. கேரள எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் பரிசோதனைதான் அதை வெளிக்கொண்டுவந்தது. நாட்டில் வயதுவந்தோரில் எச்ஐவி சுமார் 0.2 சதவீதம்; போதை ஊசி போடுவோரில் 2021 கண்காணிப்பில் ஏறத்தாழ 9 சதவீதம். சோதனைக்குப் போனால் போலீஸ் வருமோ என்று அஞ்சுபவர்கள் சோதனைக்கே வரமாட்டார்கள். தாமாக முன்வந்து சிகிச்சை பெறும், போதைக்கு அடிமையானவர்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் 64ஏ பிரிவு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. எச்ஐவி உள்ளவரை ஒதுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தில் இருக்கும் பரிவு நம் வாயிலும் வர வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. எல்லா ஏஆர்டி மையங்களிலும் ஆண்டுக்கொரு முறை அந்தச் சில நிமிடச் சோதனையை வழக்கமாக்க வேண்டும். வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற தமிழ், மலையாள அளவுகோல்களை மதுரநாத் வழியில் வகுக்க வேண்டும். மறதி தென்பட்டால் வீட்டில் ஒருவரைத் துணையாக்கி, கைபேசி நினைவூட்டலையும் கிழமைவாரி மாத்திரைப் பெட்டியையும் தர வேண்டும். போதை மீட்பு மையத்தில் எச்ஐவி பரிசோதனையும், நாக்கடியில் வைக்கும் புப்ரநார்ஃபின் மாற்றுச் சிகிச்சையும், சுத்தமான ஊசியும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். நடுவயதில் மறதியோடு வருபவரிடம் நினைவுச் சிகிச்சையகம் எச்ஐவி பற்றியும் போதை பற்றியும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

மருந்தை மூளைக்குள் கொண்டுசெல்லும் நுண்துகள் வரும்போது வரட்டும். அதுவரை, மாத்திரையை மிச்சம் வைத்துக்கொண்டு வருபவரிடம், ‘ஏன் போடலை?’ என்று கேட்பதற்கு முன், ‘இந்த ரெண்டு விரலைக் கொஞ்சம் வேகமாத் தட்டுங்க பார்ப்போம்’ என்று சொல்ல நம்மால் முடியும். அந்த 5 விநாடியில் ஒரு குற்றவாளி நோயாளியாகிவிடக்கூடும். நோயாளி என்று தெரிந்துவிட்டால், அவரையும் தோணியில் ஏற்றிக்கொள்ளலாம்.