குளத்தின் பெயரைக் கேட்டால் கோப்பை மூடுகிறார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் போனில் மெப்பைத் திறந்து நெளுக்குளத்தைச் சுற்றிப் பாருங்கள். மன்னார் வீதி இருக்கும். கடைகள் சில இருக்கும். உள்ளே போகப் போக ஒழுங்கைகளுக்குப் பெயர் இல்லை. சிறு குளங்கள் பல பெயரில்லாத நீலத் திட்டுகளாகக் கிடக்கின்றன. பெயர் இருந்தாலும் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த பெயராக இருக்கும். ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துத்தானே. நெளுக்குளம் எழுதத் தெரியாதவன் கையில் நெலுக்குளம் ஆகிவிடும்.

இது எழுத்துப்பிழை பிடிக்கும் வாத்தியாரின் குறை என்று நினைக்காதீர்கள். வைரவபுளியங்குளம், ஆண்டியாபுளியங்குளம், பட்டாணிச்சூர் புளியங்குளம், ஏ9 வீதியில் வெறும் புளியங்குளம் எல்லாம் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. (அந்த இலக்கம் வடக்கு முஸ்லிம்களுக்கு வேறொன்றையும் ஞாபகப்படுத்தும், அது வேறு கதை.) பதற்றத்தில் போன் எடுப்பவர் "புளியங்குளத்தில் இருந்து கதைக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் வண்டி எந்தப் பக்கம் திரும்புவது?

இந்த வெற்றிடத்தை நிரப்ப உலகம் முழுக்கத் தொண்டர்கள் வரைகிற மெப் ஒன்று இருக்கிறது: ஓபன் ஸ்ட்ரீட் மெப். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம், யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். சட்டலைட் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை அரை மணித்தியாலத்தில் குளக்கட்டை வரைந்துவிடும். ஆனால் குளத்தின் பெயரைச் சட்டலைட் சொல்லாது. அது எந்தக் கிராம அலுவலர் பிரிவு, துருசு எங்கே, வான் எங்கே பாய்கிறது என்பதும் மேலிருந்து தெரியாது. இவையெல்லாம் அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு, பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு.

எமது குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேல் குளத்தின் வான் கீழ்க் குளத்துக்குப் பாயும். மேலே கட்டு உடைந்தால் கீழே அடுத்தடுத்து ஆபத்து. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன டித்வா புயலையும் பார்த்துவிட்டோம். உதவி கொண்டு வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு எந்தக் குளத்துக்குக் கீழே எந்த ஊர் என்று காட்ட ஒரு படம் வேண்டும்.

சரி, கேட்டால் என்ன நடக்கிறது? ஓர் அலுவலகத்தில் (எது என்பது வேண்டாம்) குளங்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டேன். திறந்திருந்த கோப்பை அந்த உத்தியோகத்தர் மெதுவாக மூடினார். "மேலிடத்து அனுமதி வேணும் சேர்." நல்ல மனிதர், தேநீரும் தந்தார். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. யுத்த காலத்தில் கையில் மெப் வைத்திருப்பதே சந்தேகத்துக்குரிய காரியம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதைவிடப் பெரிய பயம், பட்டியலில் பிழை இருந்து அது வெளியே தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்பது.

ஆகவே போய்ச் சண்டை பிடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, தேவைப்பட்டால் பாவிக்கலாம். ஆனால் தகவலைப் பெறுவது வேறு, அதைப் பொது மெப்பில் போட அனுமதி பெறுவது வேறு. கைக்கு வந்த பட்டியலை உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஏற்றினால் ஓபன் ஸ்ட்ரீட் மெப்காரர்களே அதை அழித்துவிடுவார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் மிகவும் கண்டிப்பு. நமக்கு வேண்டியது கோப்பும், கூடவே கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதமும்.

"இலங்கையில் இதெல்லாம் நடக்காது" என்பவர்களுக்கு: நடந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டளவில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து மட்டக்களப்பு மண்முனை வடக்கில் 30,000க்கும் அதிகமான கட்டிடங்களை இதே ஓபன் ஸ்ட்ரீட் மெப்பில் ஏற்றின. அரசாங்க நிறுவனமே செய்த வேலை. இன்னொன்று: நிலஅளவைத் திணைக்களத்தின் தரவிலிருந்து வந்த கிராம அலுவலர் பிரிவு எல்லைகளை ஐக்கிய நாடுகள் சபையின் மனிதாபிமானத் தரவுத் தளத்தில் உலகத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம். ஜெனீவாவில் இருப்பவருக்குத் திறந்திருப்பது வவுனியாவில் இருப்பவருக்கு ஏன் இரகசியம்?

எங்கள் நிலஅளவைத் திணைக்களம் 1800இல் வெள்ளைக்காரன் தொடங்கியது. அவனுடைய நாட்டு நிலஅளவை நிறுவனமும் வரிப்பணத்தில் வரைந்த படத்தை அதே மக்களுக்கு விலைக்கு விற்றதுதான். ஓபன் ஸ்ட்ரீட் மெப் பிறந்ததற்கு அந்த எரிச்சல் ஒரு முக்கிய காரணம். 2006இல் கார்டியன் பத்திரிகை அதற்கெதிராக இயக்கமே நடத்தியது. 2010 ஏப்ரலில் அந்த நிறுவனம் தன் தரவில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது. நாம் வெள்ளைக்காரனின் பழைய விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு, மறைக்கவில்லை. 1990இல் வெளியேற்றப்பட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பிய எம்மவர்களின் பல காணிகளில் காடு வளர்ந்திருந்தது. 2017 மார்ச்சில் முசலிப் பகுதிக் காடுகள் மாவில்லு பாதுகாக்கப்பட்ட வனமாக வர்த்தமானியில் வந்தபோது மறிச்சுக்கட்டியில் மக்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். யார் சரி என்ற விவாதத்தை இங்கே தொடங்கவில்லை. வர்த்தமானியில் உள்ள எல்லையைச் சாதாரண மனிதன் தன் போனில் திறந்து, தன் வளவு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க முடிந்தால் பாதி வதந்தி அன்றைக்கே அடங்கும். இது தமிழ்க் கிராமங்களுக்கும் சிங்களக் கிராமங்களுக்கும் பொருந்தும்.

இராணுவ முகாம்களின் விபரம் எமக்கு வேண்டாம். யாருடைய உறுதி யார் பெயரில் என்பதும் வேண்டாம், அது தனிமனிதரின் விஷயம். குளங்கள், பாடசாலைகள், வைத்தியசாலைகள், பிரதேச சபை வீதிகள், கிராம எல்லைகள் போதும்.

கேட்பவர்களுக்கு ஒரு ஆலோசனை. "தரவு" என்ற சொல்லையே முதலில் எடுக்காதீர்கள். ஒரு கமநல சேவைகள் நிலையத்தின் எல்லைக்குள் உள்ள குளங்களைப் பிள்ளைகளோடு நீங்களே வரைந்து, அச்சடித்து, பெரிய படமாகக் கொண்டுபோய் மேசையில் விரியுங்கள். தெரியாத பெயர்களுக்குக் கேள்விக்குறி போடுங்கள். அந்த அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர் பேனையை எடுத்துத் தானே திருத்தத் தொடங்குவார். திருத்திய படத்தின் பிரதி அவர்களுக்கே உரியது என்று சொல்லுங்கள். பட்டியலில் பிழை கண்டுபிடித்தால் பேஸ்புக்கில் போடாமல் அவர்களுக்கே முதலில் எழுதிக் கொடுங்கள். கடிதத்தை அதன் பிறகு கேளுங்கள்.

பம்பைமடுவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களும் எம்மூர் பாடசாலைப் பிள்ளைகளும் அடுத்த மாரி தொடங்குமுன் சாலம்பைக்குளம், நெளுக்குளம் பக்கத்துக் குளங்களை முடித்துவிடலாம், இன்ஷா அல்லாஹ். அனுமதிக் கடிதத்தின் வரைவு தமிழிலும் சிங்களத்திலும் என்னிடம் உண்டு. வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். அலுவலகங்களில் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது "எங்கள் கந்தோருக்கு வாருங்கள்" என்றால் படத்தோடு வருகிறோம்.