பிக் மேட்ச் மாதம்: மலையகத்துக்கும் ஒரு திகதி வேண்டும்

மார்ச் பிறந்தால் இலங்கையில் பாடசாலைக் கிரிக்கெட்டுக்குத் திருவிழாக் காலம். கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் கல்கிசை புனித தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான 'நீலங்களின் சமர்', யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெருஞ்சமர்', சென் பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் 'பொன் அணிகளின் போர்', கண்டியில் தர்மராஜா - கிங்ஸ்வூட், திரித்துவம் - புனித அந்தோனியார் எனச் சில வாரங்களுக்குள் எல்லாம் வந்துபோகும். கொடியும் பப்பரே இசையுமாக ஊர்வலங்கள் போகும். ஐம்பது வயது வங்கி முகாமையாளர் பதினெட்டு வயதுப் பையனாகி வீதியில் ஆடுவார்.

ஹட்டனில் வளர்ந்த நானும் இந்தக் கூத்தின் ரசிகர்களில் ஒருவர்தான். இந்தப் பாடசாலைகள் எதிலும் நான் படிக்கவில்லை. எங்கள் பகுதியில் என்னைப் போன்றவர்களே அதிகம். கைபேசியில் நேரலையைப் போட்டுக்கொண்டு, தமக்குச் சம்பந்தமில்லாத ஒரு கல்லூரிக்காகக் கத்துகிறவர்கள். இந்த ஆண்டும் பருவம் தொடங்கும் வாரத்தில் அதைத்தான் செய்வோம். அதற்கு முன் ஒரு ரசிகரின் அபிப்பிராயமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டத்தை விடப் பெரியது எண்ணிக்கை

முதலில் கிரிக்கெட்டைப் பற்றி. பிக் மேட்ச் ஆட்டத்தின் தரம் அப்படியொன்றும் பெரிதல்ல. றோயல் - தோமியன் போட்டிகளில் ஏறக்குறையப் பாதி வெற்றி தோல்வியின்றி முடிந்தவை. தலைவர்கள் வெல்ல ஆசைப்படுவதை விடத் தோற்கப் பயப்படுகிறார்கள். இரண்டாம் நாள் மாலையில் துணிந்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு எதிரணியைத் துடுப்பெடுத்தாட அழைக்கும் தலைவரைப் பார்ப்பது அரிது. என்னைக் கேட்டால் வடக்கின் பெருஞ்சமர்தான் பார்க்கச் சுவையானது. அங்கே விக்கெட்டுகள் சரியும், முடிவும் வரும்.

ஆனால் யாரும் தரத்துக்காகப் போவதில்லை. 'இது எத்தனையாவது?' என்ற எண்ணுக்காகப் போகிறார்கள். றோயல் - தோமியன் 1880இலிருந்து எண்ணப்படுகிறது. தர்மராஜா - கிங்ஸ்வூட் 1893இல் தொடங்கியது. வடக்கின் பெருஞ்சமர் 1904இலும், அந்தோனியார் - திரித்துவம் 1914இலும், பொன் அணிகளின் போர் 1917இலும் தொடங்கின. 1885இல் றோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்ட போட்டியை யார் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று இரு கல்லூரிகளும் இன்றும் ஒத்துப்போகவில்லை. 9 ஓட்டங்களுக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் சண்டை போடுவது ஒரு செல்வம். அந்தச் செல்வம் எங்களிடம் இல்லை.

1880இல் நாங்கள் எங்கே இருந்தோம்?

கொழும்பு மாணவர்கள் முதல் போட்டியை ஆடிய 1880இல் மலைநாட்டில் கோப்பி நோயால் செத்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் முன்னோர் லயன் அறைகளில் குடியேற்றப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கென்று இருந்த தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையும்தான். 1960 - 61இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1970களில்தான் அவை அரசின் கைக்கு வரத் தொடங்கின.

அதே மலைகளில் கிரிக்கெட் இல்லாமல் இல்லை. நானுஓயாவுக்கு அருகில் ரதெல்லவிலும், டிக்கோயா பக்கம் டரவலவிலும் தோட்டத் துரைமார் தங்கள் கழகங்களுக்காக அமைத்த மைதானங்கள் இன்றும் இருக்கின்றன. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் அழகான மைதானங்கள். சரிவான நிலத்தில் ஒரு மைதானத்தைச் சமப்படுத்த எத்தனை கூலி நாட்கள் போயிருக்கும் என்பது மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். வெட்டியவர்களின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மரபு என்பது மனிதர்கள் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால்தான் உருவாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் கணக்குப் போட்டது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். ஒரே வகுப்பில் இருந்த பிள்ளைகளில் ஒருவன் தலைமன்னார் ரயிலில் ஏறினான், மற்றவன் மலையில் நின்றான். நீலகிரியில் பாதி, நுவரெலியாவில் பாதி என்றான வகுப்புக்குப் பழைய மாணவர் சங்கம் எப்படி அமையும்? 1977, 1983 கலவரங்கள் மேலும் சிதறடித்தன. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டம் வந்தது 2003இல்தான்.

றோயல் - தோமியன் போட்டியில் வழங்கப்படும் கேடயம் டி.எஸ். சேனநாயக்க நினைவாகப் பெயரிடப்பட்டது. அவர் தோமஸ் கல்லூரியின் பழைய மாணவர், நாட்டின் முதல் பிரதமர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய அரசாங்கம் கொண்டுவந்தது. அந்தக் கேடயத்துக்காக ஆடும் பிள்ளைகள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் ஹட்டனில் உட்கார்ந்து அந்தப் பரிசளிப்பைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் போகாது.

முரளி வந்தாரே?

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: 'திறமை இருந்தால் முரளிதரனைப் போல வரலாமே.' வரலாம். முரளியின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்தான். ஆனால் முரளி வளர்ந்தது கண்டியில், பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய தந்தையின் வீட்டில். படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். பதினான்கு வயதில் வேகப்பந்தை விட்டுச் சுழலுக்கு மாறச் சொல்ல அங்கே ஒரு பயிற்றுவிப்பாளர் இருந்தார். ஆண்டு முழுக்கக் கடினப்பந்துப் போட்டிகள் இருந்தன. 1991இல் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரராகத் தெரிவானவர், அடுத்த ஆண்டே டெஸ்ட் அணியில் ஆடினார். 800 விக்கெட்டுகளின் தொடக்கம் அந்தப் பாடசாலை அட்டவணையில் இருக்கிறது.

வடக்கிலும் இதுதான் நடந்தது. போர் ஆண்டுகளில் பெருஞ்சமர் நின்று நின்று நடந்தாலும் மரபு அறுபடவில்லை. யாழ் மத்திய கல்லூரியிலிருந்து வந்த வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கும், 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கும் ஆடினார். மைதானம், பயிற்சி, பழைய மாணவர், வருடாந்தப் போட்டி எல்லாம் சேர்ந்துதான் ஒரு பையனை மேலே தள்ளுகின்றன.

எங்கள் தோட்டங்களில் கிரிக்கெட் பைத்தியத்துக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை எந்தத் தோட்டத்திலும் மென்பந்துப் போட்டி நடக்கும். ஆனால் மென்பந்தில் அடித்து வளரும் கை, கடினப்பந்து உள்ளே திரும்பும்போது தடுமாறும். கடினப்பந்துக்கு மட்டை, காப்பு, தலைக்கவசம், வலை, விரிப்பு எல்லாம் வேண்டும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நல்ல வில்லோ மட்டை ஒன்று அந்தச் சம்பளத்தில் ஒரு மாதத்தை விழுங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

அகடமி, விளையாட்டரங்கு என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுச் சலித்துவிட்டது. நான் கேட்பது சிறியது: ஒரு திகதி. அருகருகே இருக்கும் இரண்டு தமிழ்ப் பாடசாலைகள், ஆண்டுதோறும் மாறாத ஒரு வார இறுதி, எண்ணத் தொடங்கும் ஒரு எண். ஏற்கெனவே ஆடிக்கொண்ட பாடசாலைகள் இருந்தால் அதையே நாடறியும் நாளாக்கட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்கு மலைச் சரிவுகளில் மழை குறைவு, காலநிலையும் தடையில்லை.

இடமும் இருக்கிறது. ஹட்டன் டன்பார் மைதானம் இருக்கிறது. நோர்வூட் மைதானத்தை நாடு முழுக்கப் பார்த்தது 2017 மே மாதம் மோடி வந்து பேசியபோது. மேடை போட ஒரு நாளில் தயாராகும் மைதானம், பிள்ளைகளுக்காக இரண்டு நாள் தயாராகாதா? ரதெல்லவும் டரவலவும் ஆண்டில் ஒரு வார இறுதியை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால், கழகங்களுக்கு நட்டமும் இல்லை.

பணம் பழைய மாணவரிடம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. இன்று கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் எங்கள் பாடசாலைகளில் படித்த ஆசிரியர், கணக்காளர், பொறியியலாளர் இருக்கிறார்கள். ஊர்க் கோவில் திருவிழாவுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு இரண்டு அணிகளுக்கு உபகரணம் வாங்கப் போதும். எங்கள் பாடசாலைகளில் பல கலவன் பாடசாலைகள் என்பதால், கொழும்பின் பழைய ஆண்கள் கல்லூரிகளால் முடியாத ஒன்றையும் செய்யலாம். அதே நாளில் பெண் பிள்ளைகளின் போட்டியையும் வைக்கலாம்.

முதல் போட்டியின் தரம் மோசமாகத்தான் இருக்கும். 9 ஓட்டங்களுக்கு ஓர் அணி சுருளவும் கூடும். பரவாயில்லை, றோயலும் சுருண்டது. 2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளைத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தோம். அது நாம் வந்த கதை. இங்கேயே இருக்கிறோம் என்ற கதைக்கும் ஆண்டுக்கொரு நாள் வேண்டும். அந்த நாளில் கைபேசியை மூடிவைத்துவிட்டு மைதானத்துக்கு வர நான் தயார்.