சிக்னல் போகும் மலைக்குச் செயலியா?

மழை முன்னறிவிப்பு, அணை நீர்மட்டம், வெள்ள அபாயம் எல்லாம் இனி செல்போனிலேயே தெரியும் என்று 2024 வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ‘டிஎன்-அலர்ட்’ செயலி வந்தது. சென்னைக்கும் மதுரைக்கும் அது உதவட்டும். தேனி மாவட்டத்து மலையோரத்துக்கும் அதுவே போதும் என்று விட்டுவிட்டதைத்தான் ஏற்க முடியாது. மலையில் மழை வலுத்தால் முதலில் மின்சாரம் போகும், பின்னாலேயே டவர் போகும். எச்சரிக்கை தேவைப்படுகிற அந்த ராத்திரியில் செல்போன் வெறும் டார்ச் லைட்தான்.

எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பது இந்த மாவட்டத்துக்குத் தெரியாத விஷயமல்ல. 71 அடி வைகை அணையில் நீர் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. சங்கு ஒலிக்கும். தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்குத் தகவல் போகும். எந்த அடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆற்றங்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த அக்கறையெல்லாம் அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு. அணைக்கு மேலே இருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது?

கும்பக்கரை அருவிக்குத் தண்ணீர் வருவது வட்டக்கானல், வெள்ளகவிப் பக்கம் பெய்யும் மழையால். அப்போது பெரியகுளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். சுருளியில் வெள்ளம் வந்தால், மேகமலையிலும் தூவானத்திலும் மழை கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். கீழே வரப்போவதை மணிக்கணக்கில் முன்கூட்டியே அறிந்தவர்கள் மேலே இருக்கிறார்கள்: எஸ்டேட் தொழிலாளிகள், பளியர் குடிகள், காபித் தோட்டக்காரர்கள். ஓடையின் நிறம் மாறினாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். அவர்கள் சொல்வதைக் கீழே கேட்டு, உடனே ஊரைக் கிளப்புவதற்கு ஊரறிந்த ஏற்பாடு ஒன்று இன்றுவரை அமையவில்லை. அருவியில் வெள்ளம் வந்தபின் குளிக்கத் தடை என்ற செய்திதான் வருகிறது.

சின்னூரையும் பெரியூரையும் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அவை திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகா. ஆனால் அரிசி வாங்கவும் ஆஸ்பத்திரிக்கும் அந்த மக்கள் இறங்கிவருவது பெரியகுளத்துக்கு, இடையில் கல்லாற்றைக் கடந்து. ஆற்றில் வெள்ளம் போனால் இக்கரை ஆள் இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் படங்கள் எத்தனை முறை செய்தியில் வந்துவிட்டன! மழை திண்டுக்கல் கணக்கில் பெய்கிறது, வெள்ளம் தேனி கணக்கில் வருகிறது. இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கு நடுவே விழுந்து கிடக்கும் இந்த ஊர்களை எந்தச் செயலி தூக்கி நிறுத்தும்?

மலையடிவாரமும் தப்பவில்லை. 2025 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய நாள்களில், கம்பம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வயல்களிலும் வீடுகளிலும் புகுந்தது. 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் பூமி இது.

ஊருக்குத் தகவல் சொல்லும் பழைய வழியான தண்டோராவுக்கும் 2022 ஆகஸ்டில் தடை வந்தது. அது சரியான முடிவு. ஒரு மனிதரைத் தெருத்தெருவாகப் பறையடித்து நடக்கவைத்த இழிவு ஒழிந்தே ஆக வேண்டும். அதற்குப் பதிலாகச் சொல்லப்பட்டது, வாகனத்தில் ஒலிபெருக்கி. சாலையே இல்லாத மலைக் கிராமத்துக்கு அந்த வாகனம் எப்படிப் போகும் என்று கேட்க, முடிவெடுத்த அறையில் ஒருவர்கூட இல்லையா?

மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பார்த்தாவது விழித்திருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆனது. 2024 ஜூலையில் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை சரிவதற்கு முந்தைய நாளே, ஊர் ஊராக மழைமானி வைத்து உள்ளூர் மக்கள் மூலம் அளவெடுத்துவந்த ஹியூம் மையம் ஆபத்தை நிர்வாகத்துக்குச் சொன்னது. சொல்ல ஆள் இருந்தார்கள், கேட்டு நடக்க ஏற்பாடு இல்லை. ஏற்பாடு இருந்த ஊரும் உண்டு. 2004 சுனாமியின்போது புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்தது ஒரே ஒரு போன். ஊரைக் கிளப்பியது, கடல் நிலவரம் சொல்வதற்காக எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்தில் வைத்திருந்த ஒலிபெருக்கி. ஊரே தப்பியது.

இங்கே முடிவெடுப்பவர்கள் பாடம் கற்பதில்லை என்பதற்கு இதே மாவட்டத்துக் குரங்கணியைவிட வேறு சாட்சி வேண்டாம். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கருகி மாண்டார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்களுக்கு முன்பே அந்தச் சரிவில் ஏறிப் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். அதன்பின் விசாரணை வந்தது, மலையேற்ற விதிகள் வந்தன, 2024 அக்டோபரில் குரங்கணி–சாம்பலாறு பாதைக்கு இணையத்தில் முன்பதிவும் வந்தது. உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்தது நல்லதுதான். ஆனால் புகையை முதலில் பார்க்கிற அந்த இளைஞருக்கு மலையை மூடச் சொல்லும் அதிகாரம் எங்கே? பயணிக்கு வழிகாட்ட அவர் வேண்டும், எச்சரிக்கை கொடுக்க மட்டும் அவர் வேண்டாமா? மலைக்காரரின் உழைப்பை எடுத்துக்கொண்டு அவர் வாக்கை ஒதுக்கிவைக்கும் இந்தப் பழக்கம்தான் ஒவ்வொரு முறையும் உயிரைக் கேட்கிறது.

அடுத்த பருவமழைக்கு முன்பு தேனி, திண்டுக்கல் ஆட்சியர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். வெள்ளகவியிலிருந்தும் சின்னூரிலிருந்தும் மேகமலை எஸ்டேட்டுகளிலிருந்தும் ஆட்களை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, மேலே பார்த்தது கீழே வந்துசேர்வதற்கு வழி காண வேண்டும். மழைமானியோ, வயர்லெஸ்ஸோ, கோயில் ஒலிபெருக்கியோ, எது தோதுப்படும் என்பதை அவர்கள் சொல்வார்கள். அதுவரை, செயலியை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற கணக்கைத் தூக்கிக்கொண்டு யாரும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வர வேண்டாம்.