மின்சாரக் குட்டி யானை: குத்தகையில் யாருக்கு லாபம்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் சிறு சரக்கு வண்டிகள் இரண்டு சாலைகளை நம்பிப் பிழைக்கின்றன. மேற்கே ஜிஎஸ்டி சாலையில் மறைமலை நகர், மகேந்திரா சிட்டி தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகங்களும், மதுராந்தகம் பக்கத்து நெல்லும் காய்கறியும் போகின்றன. கிழக்கே ஈசிஆரில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீன், ஐஸ், விடுதிகளுக்கான தண்ணீர் கேன், மாமல்லபுரம் பட்டறைகளின் சிற்பங்கள். இவற்றைச் சுமப்பவை குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகள். பல வண்டிகளில் ஓட்டுநரே உரிமையாளர், அவரே சுமை தூக்குபவரும்கூட. அவரிடம் இப்போது புதிதாக ஒரு யோசனை சொல்லப்படுகிறது: “டீசல் வண்டி வாங்கி டியூ கட்டித் திண்டாட வேண்டாம். மின்சார வண்டியை லீசுக்கு எடுங்கள். மாத வாடகை போக மீதியெல்லாம் மிச்சம்.”

இந்த யோசனையை ஒதுக்கிவிட முடியாது. அப்படியே நம்பிவிடவும் கூடாது. குத்தகை வண்டி லாபமா, நட்டமா என்பதை மாத வாடகையின் அளவு மட்டும் முடிவுசெய்வதில்லை. வண்டி நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, கரண்ட் எங்கே ஏற்றப்படுகிறது, ஓடாத நாளின் பாரத்தை யார் சுமக்கிறார் என்ற மூன்று கேள்விகளே அதை முடிவுசெய்கின்றன. மூன்றாவது கேள்வியை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது யாரும் கேட்பதில்லை. பின்னாளில் ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

குத்தகை ஏன் வந்தது?

2005இல் குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் வந்த பிறகுதான் ஒரு டன்னுக்கு உட்பட்ட சரக்குச் சந்தை இந்தியாவில் பெரிதாக விரிந்தது. அதன் மின்சார வடிவம் 2022இல் அறிமுகமானது. 2024 அக்டோபரில் மகேந்திரா ‘ஜியோ’ வந்தது. அசோக் லேலண்ட் குழுமத்தின் ‘ஸ்விட்ச்’, முருகப்பா குழுமத்தின் ‘மோன்ட்ரா’ என்று தமிழ்நாட்டு நிறுவனங்களும் களத்தில் இருக்கின்றன. தடை விலைதான். 2025 ஜூனில் ‘ஏஸ் ப்ரோ’ வெளியானபோது பெட்ரோல் வண்டியின் தொடக்க விலை 3.99 லட்சம், மின்வண்டியின் விலை 6.50 லட்சம். வித்தியாசம் இரண்டரை லட்சம். வரியில் இருந்த அனுகூலமும் சுருங்கியிருக்கிறது. முன்பு டீசல், பெட்ரோல் சரக்கு வண்டிகளுக்கு 28% ஜிஎஸ்டி, மின்வண்டிக்கு 5%. 2025 செப்டம்பர் 22 முதல் முன்னது 18% ஆகிவிட்டது.

கடன் வாங்குவதும் எளிதல்ல. நாலு வருடம் ஓடிய டீசல் குட்டி யானை என்ன விலைக்குப் போகும் என்று எந்த ஃபைனான்ஸ்காரருக்கும் தெரியும். பழைய மின்வண்டிக்கு அப்படியொரு சந்தை இன்னும் உருவாகவில்லை. உலகச் சந்தையில் பேட்டரி விலை 2010இல் ஒரு கிலோவாட் மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024இல் சராசரி 115 டாலர் என்கிறது புளூம்பெர்க் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு. புதிய பேட்டரி மலிவாக மலிவாக, நேற்று வாங்கிய வண்டியின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். இந்த இறக்கத்தைச் சிறு உரிமையாளர் தலையில் ஏற்றாமல், முதல் போட்ட நிறுவனமே சுமப்பதுதான் குத்தகையின் உண்மையான நன்மை.

அரசே அப்படித்தான் செய்கிறது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடவிட்ட மின்பேருந்துகள் கழகம் வாங்கியவை அல்ல. பேருந்தின் முதலீடும் பராமரிப்பும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. கழகம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தருகிறது. பேட்டரி பழுதானால் அது நிறுவனத்தின் தலைவலி. வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தம் அது. திருக்கழுக்குன்றத்து வண்டிக்காரருக்குக் கிடைப்பதோ நிறுவனம் அச்சடித்து நீட்டும் தாள்.

கணக்கு எங்கே திரும்புகிறது?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். கணக்கின் போக்கு மாறாது. டீசல் லிட்டர் 92 ரூபாய், சுமையோடு லிட்டருக்கு 16 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 5.75 ரூபாய் ஆகிறது. மின்வண்டி யூனிட்டுக்கு 5 கி.மீ. ஓடுகிறது, யூனிட் 9 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1.80 ரூபாய். ஆக, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3.95 ரூபாய் மிச்சம்.

இனி வண்டிச் செலவு. சாலைக்கு வரும்போது ஆறரை லட்சம் ஆகும் டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் முன்பணம் கட்டி, மீதியை 12% வட்டியில் 48 மாதக் கடனாக எடுத்தால் டியூ ஏறக்குறைய 14,500 ரூபாய். காப்பீடு, எஃப்சி, பழுதுபார்ப்பு என்று மாதம் 4,000 சேர்த்தால் 18,500. காப்பீடும் பராமரிப்பும் உள்ளடங்கிய மின்வண்டி வாடகையை 24,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5,500. இதை 3.95ஆல் வகுத்தால் மாதம் 1,392 கி.மீ. மாதத்தில் 25 நாள் ஓடும் வண்டிக்கு நாளுக்கு 56 கி.மீ. இதைத் தாண்டினால் லாபம் என்று சொல்லி, விற்க வருபவர் தாளை மடித்துவிடுவார்.

ஆனால், நாலு வருடம் கழித்து டீசல் வண்டிக்காரர் கையில் ஒரு வண்டி இருக்கும். குத்தகைக்காரர் கையில் ஒன்றும் இருக்காது. அந்த வண்டி இரண்டரை லட்சத்துக்குப் போகும் என்றால், கட்டிய முன்பணத்தைக் கழித்த பிறகும் ஒன்றரை லட்சம் நிற்கிறது. 48 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 3,125. இதையும் சேர்த்தால் வித்தியாசம் 8,625 ஆகிறது. இப்போது நாளுக்கு 87 கி.மீ. ஓடினால்தான் கணக்கு சமன்படும். 56க்கும் 87க்கும் இடையில் இருக்கிறது ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

செங்கல்பட்டு நகரத்துக் கடைகளுக்கு மளிகை இறக்கிவிட்டு நாளுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டரில் வீடு திரும்பும் வண்டிக்கு இந்தக் குத்தகை கட்டுப்படியாகாது. ஒரே தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டு, ஜிஎஸ்டி சாலையில் தினமும் 90, 100 கி.மீ. தவறாமல் ஓடும் வண்டிக்குக் கட்டுப்படியாகும். சிற்பப் பட்டறைகளுக்குக் கேள்வியே வேறு. கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன் எடை. 750 கிலோ தாங்கும் சிறு மின்வண்டியில் கால் கன மீட்டர் கல் ஏற்றினாலே கிட்டத்தட்ட நிறைந்துவிடும்.

கடலோரத்தின் ஓடாத நாட்கள்

மீன் வண்டிக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டு மீனை ஈசிஆர் விடுதிகளுக்குக் கொண்டுவரும் வண்டிக்கு அந்த இரண்டு மாதம் சவாரி அற்றுப்போகும். கோவளம், கொக்கிலமேடு போன்ற ஊர்களின் ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. அவற்றுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கைகளே தடை.

டீசல் வண்டிக்காரருக்கும் அந்த நாட்களில் டியூ உண்டுதான். ஆனால், குத்தகைக்காரர் மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் 8,625 ரூபாயை எரிபொருள் மிச்சத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஓட்டம் நின்றால் மிச்சமும் நின்றுவிடும். பன்னிரண்டு மாத வித்தியாசத்தைப் பத்து மாத ஓட்டத்தில் எடுக்க, நாளுக்கு 105 கி.மீ. ஓட வேண்டும். ஏஸ் ப்ரோ மின்வண்டிக்குச் சான்றிதழில் உள்ள தூரம் 155 கி.மீ. சுமை, வெயில், நின்று நின்று போகும் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் கையில் கிடைப்பதை நூறு, நூற்றுப்பத்து என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. மாமல்லபுரத்திலிருந்து காசிமேடு போய்த் திரும்ப ஏறக்குறைய 130 கி.மீ. ஆகும். லாபத்துக்குத் தேவையான தூரமும் ஒரு சார்ஜில் ஓடக்கூடிய தூரமும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நடுவில் எங்காவது கரண்ட் ஏற்றாமல் மீன் வண்டியின் கணக்கு தேறாது.

யூனிட் விலை ஆட்டிப்படைக்கும்

எங்கே ஏற்றுவது? தனியார் வேக சார்ஜிங் நிலையத்தில் யூனிட் 20 ரூபாய் ஆகிறது என்றால், கிலோமீட்டருக்கு 4 ரூபாய். மிச்சம் 1.75 ரூபாயாகச் சுருங்கிவிடும். அப்போது சமன்பட நாளுக்கு 197 கி.மீ. ஓட வேண்டும், அது நடக்காத காரியம். வீட்டிலேயே போடலாம் என்றால், தினம் 20 யூனிட் என்பது இரண்டு மாதத்தில் 1,000 யூனிட். வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டைத் தாண்டும் பகுதிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 11 ரூபாயைத் தாண்டும். விசிறிக்கும் விளக்குக்கும் இதுவரை கிடைத்த குறைந்த கட்டணப் படியும் கைநழுவும். வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு இந்த வழியும் அடைபட்டதே.

ஆனால், இந்தக் கடலோரத்துக்கு இயற்கையே ஒரு வசதியைத் தந்திருக்கிறது. மீன் வண்டியும் காய்கறி வண்டியும் விடியலுக்கு முன் ஓடத் தொடங்கிக் காலை ஒன்பது மணிவாக்கில் ஓய்ந்துவிடும். ஒன்றிய மின்சார அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்படி, காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய ஒளி நேரத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கான மின்சாரம் சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்குக்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்குக்கும் தரப்பட வேண்டும். வண்டி ஓயும் நேரமும் மின்சாரம் மலியும் நேரமும் இங்கே ஒன்று. மீன் இறங்கு தளத்திலும் உழவர் சந்தையிலும் ஆலத்தூர் சிட்கோ வளாகத்திலும் மெதுவாக ஏற்றும் சாதாரண சார்ஜிங் முனைகள் பத்துப் பத்து இருந்தால் போதும். கோடிக்கணக்கில் செலவாகும் வேக நிலையங்கள் இதற்குத் தேவையில்லை.

கையெழுத்துக்கு முன்

குத்தகைத் தாளில் முதலில் தேட வேண்டியது கிலோமீட்டர் வரம்பு. மாதம் இவ்வளவுதான் ஓடலாம், மீறினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு அபராதம் என்று இருந்தால், லாபம் தொடங்கும் இடத்திலேயே நிறுவனம் கை வைக்கிறது என்று பொருள். அடுத்தது பேட்டரி. அதன் கொள்ளளவு எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், அதுவரை வாடகை குறையுமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். வண்டி பழுதாகிக் கிடக்கும் நாட்களுக்கு மாற்று வண்டி உண்டா, இடையில் திருப்பிக் கொடுத்தால் எத்தனை மாத வாடகை பிடிப்பார்கள் என்பதும் அப்படியே.

உப்புக் காற்றில் நாலு வருடம் ஓடிய வண்டி துருப்பிடிக்கத்தான் செய்யும். அதை ‘சேதம்’ என்று சொல்லி வைப்புத்தொகையைப் பிடித்துக்கொள்ள இடம் தரக் கூடாது. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. வெள்ளத்தில் பேட்டரி நனைந்தால் இழப்பு யாருடையது, பல நாள் கரண்ட் இல்லாமல் வண்டி நின்றால் வாடகை உண்டா என்பவை இங்கே வெறும் கற்பனைக் கேள்விகள் அல்ல. வாடகை தவறினால் தூரத்திலிருந்தே வண்டியை முடக்கும் தொழில்நுட்பம் இன்று பல மின்வண்டிகளில் இருக்கிறது. முன்னறிவிப்பின்றி, மீன் ஏற்றிய வண்டியை நடுவழியில் நிறுத்தும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இருக்கக் கூடாது. வாடகையோடு சேரும் ஜிஎஸ்டி, பதிவு இல்லாத சிறு வண்டிக்காரருக்குத் திரும்பி வராது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அரசு எங்கே நிற்க வேண்டும்?

அமெரிக்காவில் குத்தகை மின்வண்டிக்குச் சலுகை தந்து பார்த்தார்கள். குத்தகை நிறுவனங்களுக்கு 7,500 டாலர் வரை வரிச்சலுகை கிடைத்ததால் மாத வாடகை குறைந்து, பலர் அதன் பக்கம் போனார்கள். 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு அது முடிந்தது. மறைமலை நகரில் ஆலை வைத்திருக்கும் அதே ஃபோர்டு நிறுவனம், தன் மின்சார பிக்கப்பான எஃப்-150 லைட்னிங் உற்பத்தியை நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. சலுகையை மட்டும் நம்பி நிற்கும் சந்தை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இது பாடம்.

நம் நாட்டில் நிலைமை வேறு. சிறு வண்டி சலுகையின் கண்ணிலேயே படவில்லை. 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாயில் தொடங்கிய ‘பிஎம் இ-டிரைவ்’ திட்டம் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் உதவ வகுக்கப்பட்டது. சரக்கு வண்டிகளில் 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டுமே உதவுகிறது. இடையில் இருக்கும் குட்டி யானை வகைக்கு ஒன்றுமில்லை. தமிழ்நாடு 2019 கொள்கையிலிருந்து மின்வண்டிகளுக்குச் சாலை வரி விலக்கு அளித்துவருகிறது. அது வரவேற்கத் தக்கது. ஆனால், குத்தகையில் அந்த விலக்கின் பலன் நிறுவனத்துக்குப் போகிறதா, வாடகையில் குறைகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

எனவே, மாநிலப் போக்குவரத்துத் துறை மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். முதலாவதாக, சிறு சரக்கு மின்வண்டிக் குத்தகைக்குத் தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டு, வரி விலக்கு பெறும் நிறுவனங்கள் அதன் அடிப்படை நிபந்தனைகளை ஏற்க வேண்டும் என்று விதிக்கலாம். இரண்டாவதாக, அந்த ஒப்பந்தத்தில் பருவ வாடகை இடம்பெற வேண்டும்: தடைக்காலத்திலும் புயல் நாட்களிலும் குறைந்த வாடகை, ஓட்டம் மிகுந்த மாதங்களில் சற்றுக் கூடுதல். மூன்றாவதாக, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் கூட்டாகக் குத்தகை எடுக்க வழிசெய்ய வேண்டும். விடியலில் மீனுக்கும், பகலில் ஏற்றிய கரண்டோடு மாலையில் விடுதிச் சரக்குக்கும் ஒரே வண்டி ஓடினால், தனியொருவர் எட்ட முடியாத கிலோமீட்டரை அது எட்டும்.

அதுவரை என் பரிந்துரை இது. சொந்தமாகக் கரண்ட் ஏற்ற இடமும் நாளுக்கு 90 கி.மீ.க்குக் குறையாத நிலையான சவாரியும் உள்ளவர்கள் தயங்காமல் குத்தகைக்கு எடுக்கலாம். குறைந்த தூரம் ஓடுபவர்கள் இருக்கும் வண்டியையே பேணிக்கொள்வது நல்லது. மீனை நம்பியிருப்பவர்கள், பருவ வாடகை எழுத்தில் வராதவரை கையெழுத்திட வேண்டாம். டீசல் புகை குறைவது ஊருக்கெல்லாம் நன்மை. ஊருக்கான அந்த நன்மையின் விலையை, கடன் வாங்கி ஒரே ஒரு வண்டி ஓட்டும் மனிதர் மட்டும் தன் ஓடாத நாட்களால் கட்ட வேண்டும் என்பது நியாயமல்ல.