நீக்கியவை நீங்கினவா?

செல்லாததாக்கிய காசோலையை நாம் கிழித்தெறிகிறோம். காலாவதியான ஏடிஎம் அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டுகிறோம். தாளையும் அட்டையையும் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை நமக்குப் பழகிவிட்டது. ஆனால் கணக்கு அறிக்கை, ஆதார் மற்றும் பான் அட்டை நகல், வருமான வரிப் படிவம் ஆகிய அனைத்தும் கோப்புகளாகக் கிடக்கும் பழைய கைப்பேசியை, புதியது வாங்கும் கடையில் தள்ளுபடிக்காகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம். ‘எல்லாவற்றையும் நீக்கிவிட்டோமே’ என்பதே அந்த நிம்மதிக்கு ஆதாரம். அந்த ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

‘நீக்கு’ என்னும் கட்டளை இரகசியத்தைக் காப்பதற்காக உருவானதன்று. இடத்தை விடுவிப்பதற்காக உருவானது. விண்டோஸில் நீக்கிய கோப்பு முதலில் ‘ரீசைக்கிள் பின்’ என்னும் தொட்டிக்குச் செல்கிறது. ஆப்பிள் கணினியிலும் லினக்ஸ் திரைகளிலும் இதுபோன்ற குப்பைத் தொட்டி உண்டு. ஐபோனில் நீக்கிய ஒளிப்படம் சுமார் 30 நாட்களும், கூகுள் போட்டோஸில் காப்புநகல் எடுக்கப்பட்ட படம் 60 நாட்களும் தொட்டியில் காத்திருக்கும். கைதவறி நீக்கியவரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

தொட்டியைக் காலிசெய்தாலும், விண்டோஸில் ஷிப்ட் விசையுடன் சேர்த்து நீக்கினாலும், லினக்ஸில் ‘ஆர்எம்’ கட்டளை கொடுத்தாலும், நடப்பது ஏறத்தாழ ஒன்றே. ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு தலைப்பை மட்டும் அடித்துவிட்டு, அதற்குரிய பக்கங்களை அப்படியே விட்டுவைப்பதற்கு அது ஒப்பாகும். ‘இந்த இடம் காலி’ என்று கணினி குறித்துக்கொள்கிறது. வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும்வரை பழைய எழுத்துகள் அங்கேயே இருக்கலாம். அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இது வெறும் அச்சமன்று என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இரு ஆய்வாளர்கள் பழைய வன்தட்டுகள் 158-ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். இயங்கும் நிலையில் இருந்த 129 வன்தட்டுகளுள் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடைத்தன. ஒரு வன்தட்டு ஏடிஎம் இயந்திரத்தில் இருந்ததாகத் தெரிந்தது. அதில் கணக்கு எண்களும் பரிவர்த்தனை விவரங்களும் அப்படியே இருந்தன. கவனக்குறைவு தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று என்பதை இது உணர்த்துகிறது.

அக்காலத்து வன்தட்டுக்கு ஒரு நேரான தீர்வு இருந்தது: பழைய எழுத்துகளின்மேல் வேறு எழுத்துகளை எழுதிவிடுவது. விண்டோஸில் ‘விரைவு’ என்னும் தெரிவை எடுத்துவிட்டு முழுமையாக ஃபார்மட் செய்தால், இன்றும் வன்தட்டு முழுவதிலும் சுழியம் எழுதப்படும். ஆனால் இன்றைய கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் இருப்பது சுழலும் தட்டன்று; மின்னணு நினைவகம். அது தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக, மேலெழுதும் ஒவ்வொரு முறையும் புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே நாம் மேலெழுதியதாக எண்ணும் கோப்பின் பழைய பிரதி வேறொரு மூலையில் எஞ்சியிருக்கக்கூடும். முன்பு ஆப்பிள் கணினிகளில் குப்பையைப் பாதுகாப்பாகக் காலிசெய்யும் வசதி ஒன்று இருந்தது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அந்நிறுவனமே அதனை விலக்கிக்கொண்டது.

அப்படியானால் நம்பத்தக்க வழி எது? குறியாக்கம் என்பதே நம் விடை. நினைவகத்தில் எழுதப்படும் அனைத்தும் ஒரு சாவியால் பூட்டப்பட்டிருந்தால், அந்தச் சாவியை அழித்ததும் எஞ்சியவை யாருக்கும் பொருள்படாத எழுத்துக்குவியலாகிவிடும். இன்றைய ஐபோன்களும், 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதலான பதிப்புகளுடன் விற்பனைக்கு வந்த கைப்பேசிகளும் இவ்வாறே இயங்குகின்றன. இத்தகைய கைப்பேசிகளில் ‘ஃபேக்டரி ரீசெட்’ நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. கணினியில் இந்த ஏற்பாடு விண்டோஸில் பிட்லாக்கர் என்றும், ஆப்பிளில் ஃபைல்வால்ட் என்றும் பெயர்பெறும். லினக்ஸில் நிறுவும்போதே இதனைத் தேர்ந்தெடுத்துவிடுவது எளிது. இங்கே ஒரு நுட்பம் உண்டு: பல ஆண்டுகள் பூட்டின்றிப் பயன்படுத்திய நினைவகத்தில் இறுதி நாளில் பூட்டுப் போட்டால், முன்பு எழுதப்பட்டவற்றின் மிச்சங்கள் வெளியே நிற்கக்கூடும். ஆதலால் முழுமையான அழிப்பு என்பது கருவியை விற்கும் நாளில் எடுக்கும் முடிவன்று. வாங்கும் நாளிலேயே எடுக்கவேண்டிய முடிவு.

கருவியைக் கைமாற்றும் நாளுக்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும். தேவையானவற்றுக்கு முதலில் காப்புநகல் எடுத்துக்கொள்ளவேண்டும். யுபிஐ செயலியில் பதிவை முறையாக விலக்கவேண்டும். செயலியைக் கைப்பேசியிலிருந்து அகற்றுவதால் மட்டும் அப்பதிவு முடிவுக்கு வந்துவிடாது. கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறவேண்டும். சிம் அட்டையையும் மெமரி கார்டையும் கழற்றிவிடவேண்டும். கைப்பேசியை மீட்டமைக்கும்போது மெமரி கார்டும் சேர்ந்தே அழியும் என்று நம்பியிருத்தல் கூடாது. அதன்பின் ஃபேக்டரி ரீசெட் செய்யவேண்டும். விண்டோஸ் கணினியில் ‘ரீசெட்’ பகுதியில் அனைத்தையும் அகற்றும் தெரிவுடன், தரவைத் துப்புரவாக்கும் தெரிவையும் சேர்த்தே இயக்கவேண்டும். பழுதாகி இயங்காமற்போன பென்டிரைவையும் வன்தட்டையும் விற்பதைவிட உடைத்துவிடுவதே சிறந்தது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவடைந்ததால், வீடுகளிலும் சிறு நிறுவனங்களிலும் பழைய கணினிகள் கைமாறும் காலமாக இது இருக்கிறது. இந்த ஒழுங்கு இப்போது இன்னும் இன்றியமையாதது.

நமக்குச் சொந்தமில்லாத கணினியில் மேற்சொன்ன எதுவும் நம் கையில் இல்லை. கணக்கு அறிக்கையை அச்சிடுவதற்காக பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கிய கோப்பு, நாம் எழுந்து சென்றபின்னும் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் தங்கிவிடுகிறது. அங்கே நீக்குவது ஓரளவு பாதுகாப்பே. அறிக்கையை வங்கிக் கிளையிலேயே பெற்றுக்கொள்வதும், ஆதார் நகல் தேவைப்படும் இடத்தில், ஏற்றுக்கொள்வார்களாயின், எண்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுப்பதும் அதனினும் நன்று.

பொறுப்பு முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவது முறையாகாது என்பதும் நம் கருத்து. பழைய கருவிகளை வாங்கும் கடைகள், வாடிக்கையாளரின் கண்முன்னே அழிப்பை முடித்து, அதற்கொரு சான்றுச் சீட்டும் வழங்கும் வழக்கம் வரவேண்டும். எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒருவரின் தரவு பெறப்பட்ட நோக்கம் நிறைவேறியபின், வேறு சட்டம் அதனை வைத்திருக்கக் கோராவிட்டால், அதை அழிக்கவேண்டிய கடமையை நிறுவனங்களுக்கு வகுத்துள்ளது. வங்கிகளும் இதற்கு விலக்கல்ல. நம் தரவை எப்போது, எவ்வாறு அழிப்பீர்கள் என்று கேட்பதற்கு நாம் தயங்கவேண்டியதில்லை.

பழைய அறிக்கையை அழித்துவிட்டால் பின்னர் என்ன செய்வது என்ற தயக்கமும் பலரிடம் உண்டு. பரிவர்த்தனைப் பதிவுகளை வங்கிகள் குறைந்தது ஐந்தாண்டுகள் பேணவேண்டும் என்பது சட்டம். வேண்டும்போது அங்கே கேட்டுப் பெறலாம். வைத்துக்கொள்ளவேண்டியதைப் பூட்டி வைப்போம். வேண்டாததை மிச்சமின்றி அழிப்போம். காசோலையைக் கிழிக்கும் கைக்கு இந்தப் பழக்கம் கடினமானதன்று.