இரண்டு உதயம் கண்டவர்கள்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து இலங்கைக்கு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், 'சுமார் 3,500 மைல்' என்று தயங்காமல் சொல்லிவிடலாம். எத்தனை மணி நேரப் பிரயாணம் என்று கேட்டால் மட்டும் அவசரப்படாதீர்கள். "எந்த வருஷத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள். 1943 என்றால் பதில் 27 மணியிலிருந்து 32 மணி வரை. அதுவும் நடுவில் எங்கும் இறங்காமல்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அந்த வழியாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலிய விமானத் தபால் அதோடு நின்றது. தபால் என்றால் க்ஷேமலாபக் கடிதங்கள் மட்டுமல்ல, ஸ்வாமி. யுத்த ரகசியங்களும் அதில்தான் போகவேண்டும். சுற்றி வளைத்துப் போகத் தரையில் இடமில்லை. மிச்சமிருந்த ஒரே வழி இந்து மகா சமுத்திரம்.

குவாண்டாஸ் கம்பெனி ஐந்து 'காடலினா' கடல் விமானங்களை இதற்கென்று வைத்துக்கொண்டது. பெர்த்தில் ஸ்வான் நதியிலிருந்து கிளம்பினால், காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியில்தான் இறங்கவேண்டும். சராசரி வேகம் மணிக்கு 125 மைல் அளவுதான். இன்றைய வேக ரயில்கள் சர்வ சாதாரணமாக இதைத் தாண்டுகின்றன.

உள்ளே முக்கால்வாசிச் சுமை பெட்ரோல். அவசியமில்லாத சாமான்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டார்கள். பிரயாணிகள் மூன்று பேர். அப்புறம் தபால் மூட்டை, அவ்வளவுதான். விமானத்துக்கு இரண்டே எஞ்சின்கள். கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒன்று நின்றுபோனால், அந்தப் பாரத்தோடு மற்றொன்றை மட்டும் நம்பிப் பறக்க முடியாது. எதிரி விமானங்கள் உலவுகிற பகுதியை இருட்டிலேயே தாண்டவேண்டும். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. பிறகு வழி கண்டுபிடிப்பது எப்படி? திசைகாட்டி இருந்தது, வானத்தில் நட்சத்திரங்கள் இருந்தன.

விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்திருந்தார்கள். ஸ்பைகா, அன்டாரெஸ், அல்டேர், வேகா, ரீகல். முதல் மூன்றும் நமக்குப் பழக்கமானவைதாம்: சித்திரை, கேட்டை, திருவோணம்! கேட்டையில் பிரயாணம் கிளம்பக் கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பாட்டிகள். கேட்டையிலேயே ஏறி உட்கார்ந்து போனவர்களை என்ன சொல்வார்களோ?

ஒரே பிரயாணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்த பிரயாணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்க'த்தின் அங்கத்தினர் என்று ஒரு பத்திரம் கொடுத்தார்கள். 1943 ஜூன் மாதக் கடைசியில் ஆரம்பித்து 1945 ஜூலை வரை, 271 தடவை இந்த ஐந்து விமானங்களும் கடலைக் கடந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

விமானங்களின் கதிதான் மனசைக் கஷ்டப்படுத்துகிறது. அமெரிக்கா யுத்தத்துக்காகக் கொடுத்த கடன் சரக்கு அவை. யுத்தம் முடிந்ததும் ஒப்பந்தப்படி அவற்றைக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள்.

2018 மார்ச்சில் அதே பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேராக விமானம் கிளம்பியது. சுமார் 9,000 மைல். ஏறக்குறைய 17 மணி நேரம். 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு பரீட்சைப் பிரயாணம் நடத்தினார்கள். 19 மணி 19 நிமிஷம் ஆயிற்று. கிழக்கு நோக்கிப் பறந்ததால், அதில் இருந்தவர்களுக்கும் இரண்டு சூரியோதயம் கிடைத்தது.