உள்ளிருப்போரும் வெளிநிற்போரும்

மோட்டார் வண்டிகளைப் பற்றிய செய்திகளை ஆவலுடன் படிக்கும் இளைஞர் நம்மிடையே பலர் உளர். அமெரிக்காவிற் செய்யப்படும் பெரிய குடும்ப வண்டி ஒன்றின் அடுத்த அமைப்பு வெளிவரப்போகின்றது என்றால், ஓராண்டு ஈராண்டு முன்னதாகவே, எஞ்சின் எத்தகையது, திரை எத்தனை அங்குலம், சக்கரம் எவ்வளவு பெரிது என்று கணக்கிடத் தொடங்கிவிடுகின்றனர். இவ்வாவலைக் குறை கூறுதல் நமது நோக்கமன்று. ஆயினும், எதிர்பார்க்கப்படும் மாற்றங்களுள் எவை குடும்பத்துக்கு உண்மையிற் பயன்தருவன, எவை கண்ணுக்கு மட்டும் விருந்தாவன எனப் பகுத்தறிதல் வேண்டுமன்றோ? அதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

காலத்துக்குக் காலம் வண்டியின் தோற்றத்தை மாற்றும் வழக்கம் தொடக்கத்தில் இருந்ததன்று. ஹென்றி போர்ட் தமது ‘மொடல் ரி’ வண்டியை 1908 முதல் 1927 வரை பெரும்பாலும் ஒரே வகையாகச் செய்து, ஒரு கோடியே ஐம்பது இலட்சம் வண்டிகளை விற்றார். அவருக்குப் போட்டியாக நின்ற ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் தலைவர் அல்பிரட் சுலோன் வேறு வழி கண்டார். சென்ற ஆண்டு வண்டியை வைத்திருப்பவர் இவ்வாண்டு வண்டியைக் கண்டு ஆசைப்படல் வேண்டும் என்பதே அவ்வழி. வண்டிகளின் வடிவத்தையும் நிறத்தையும் கவனிப்பதற்கெனத் தனிப்பகுதி ஒன்றையும் அக்கம்பனி 1927 இல் அமைத்தது. அன்று வேரூன்றிய வழக்கமே இன்றும் நடைபெறுகின்றது.

அக்கம்பனியின் செவ்ரொலே சபேர்பன் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1935 இல், சிறிய லொறியின் அடித்தளத்தின்மீது எட்டுப்பேர் இருக்கத்தக்கதாக அமைக்கப்பட்ட இவ்வண்டி, இன்றும் அதே பெயருடன் வெளிவருகின்றது. ஏறக்குறைய 19 அடி நீளமும், இரண்டரைத் தொன்னுக்கு மேற்பட்ட நிறையும், மூன்று வரிசை ஆசனங்களும் உடையது. 2021 ஆம் ஆண்டு அமைப்பில், பின்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து நின்ற ஒற்றை அச்சினை நீக்கி, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையுமாறு செய்தனர். அதனாற் பின்தளம் தாழ்ந்தது. மூன்றாம் வரிசையில் இருப்போர் காலை நீட்டி அமர இடம் கிடைத்தது. இது பயனுள்ள மாற்றம். 2025 ஆம் ஆண்டு அமைப்பிலோ, பெரிதும் பேசப்பட்டது 17.7 அங்குலத் திரையே. டீசல் எஞ்சினின் ஆற்றலும் 277 பரிவலுவிலிருந்து 305 பரிவலுவாக உயர்ந்தது.

இனி வரவிருப்பது யாது? நியூயோர்க் மாநிலத்துத் தொனவாண்டாத் தொழிற்சாலையிற் புதிய தலைமுறை எட்டுருளை எஞ்சினைச் செய்வதற்கு 88 கோடியே 80 இலட்சம் டொலர் முதலிடுவதாக அக்கம்பனி 2025 மே மாதத்தில் அறிவித்தது. உற்பத்தி 2027 இல் தொடங்கும் என்றும், பெரிய பிக்கப் வண்டிகளிலும் இத்தகைய குடும்ப வண்டிகளிலும் அது பொருத்தப்படும் என்றும் கூறிற்று. ஆகவே, அடுத்த அமைப்பின் தலையாய மாற்றம் எஞ்சினாகவே இருக்கும் என எதிர்பார்க்கலாம். முந்திய 6.2 லீற்றர் எஞ்சினின் உட்பகுதிகளில் ஏற்பட்ட குறையினால், 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏறக்குறைய ஆறு இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன. பிள்ளைகளோடு நெடுந்தெருவிற் செல்வோனுக்குத் திரையின் அகலத்தினும் இடைவழியில் நின்றுவிடாத எஞ்சின் பெரிது.

இவை யாவும் வண்டிக்குள் இருப்போரைக் கருதிய மாற்றங்கள். வெளியே நிற்போரைக் கருதிய மாற்றம் ஒன்று எவ்வாறு வந்தது என்பதை அறிதல் நன்று.

2002 ஆம் ஆண்டு, நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில், தந்தை ஒருவர் இரவு வேளையில் தமது எஸ்.யூ.வி. வண்டியை வீட்டின் முன்னே பின்னோக்கிச் செலுத்தினார். கண்ணாடிகளைப் பார்த்தே செலுத்தினார். ஆயினும் தம் இரண்டு வயது மகன் பின்னே நின்றதை அவர் காணவில்லை. குழந்தை இறந்தது. வண்டி உயர உயர, அதன் பின்னே எந்தக் கண்ணாடிக்கும் அகப்படாத இடமும் பெருகுகின்றது. அன்பும் கவனமும் மிக்க தந்தையாயினும், தெரியாத இடத்தைக் காண்பது எங்ஙனம்?

அத்தந்தையும், அவரைப் போன்று பிள்ளைகளை இழந்த பெற்றோரும், வீட்டுக்குள் இருந்து அழுததோடு அமையவில்லை. சட்டசபையின் கதவைத் தட்டினர். 2008 இல் அக்குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் பிறந்தது. அதன்கீழ் எழுதவேண்டிய விதியோ பலமுறை பிற்போடப்பட்டு, 2014 இலேயே முடிவாயிற்று. பின்னோக்கும் கமரா புதுக் குடும்ப வண்டிகள் யாவற்றிலும் கட்டாயமாகியது 2018 மே முதலாந் திகதியில். வண்டியின் பின்னே 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள இடம் சாரதிக்குத் தெரிதல் வேண்டும் என்பது விதி. பின்னோக்கிச் செல்லும் வண்டிகளால் அந்நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரி 210 பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 31 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 26 பேர் எழுபதும் அதற்கு மேலும் வயதுடைய முதியோர் என்றும் அரசாங்கமே கணக்கிட்டிருந்தது. பேரனும் பாட்டனுமே பெரும்பகுதியினர் எனலாம்.

பின்புறத்துக்கு ஒரு கண் கிடைத்தது. முன்புறம்? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரியை மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயர்ந்து சரிந்த முகமுடைய வண்டிகளிலும் நூற்றுக்கு 45 பங்கு மிகுதியாக உயிரிழப்பு நேர்கின்றது. 40 அங்குலம் என்பது மூன்றடி நான்கு அங்குலம். இரண்டு வயதுக் குழந்தை பொதுவாக மூன்றடியை எட்டுவதில்லை. பாதசாரியைக் கண்டு தானே தடுப்பிடும் கருவி புதிய வண்டிகள் யாவற்றிலும் இருத்தல் வேண்டும் எனக் கூறும் விதியொன்று அந்நாட்டில் 2024 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. 2029 செப்டெம்பர் அதற்குத் தவணையாகக் குறிக்கப்பட்டது.

திரையை வளர்ப்பதற்கு எவரும் போராடவேண்டியிருக்கவில்லை. கமரா ஒன்றை வைப்பதற்கோ ஒரு குழந்தையின் இறப்பிலிருந்து பதினாறு ஆண்டுகள் சென்றன. அடுத்த அமைப்பிற் புதியது யாதென வினவும் இளைஞர், ‘அது வண்டிக்குள் இருப்போருக்கா, வெளியே நிற்போருக்கா?’ என்பதையும் சேர்த்து வினவுவாராக. வாங்குவோர் கேளாத ஒன்றை விற்போர் தாமாக முன்வந்து தருதல் அரிது.

நம் நாட்டிலும், 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், வண்டி வாங்க எண்ணும் குடும்பங்கள் பல உள. முற்றத்திற் பிள்ளைகள் விளையாட, படலைவரை வண்டியைப் பின்னோக்கி எடுப்பது நம் வீடுகளில் நாளாந்த வழக்கம். ஆதலின், ஓய்வுநாளில் ஒரு சோதனை செய்து பாருங்கள். எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுத்தபின், தந்தையார் சாரதியின் ஆசனத்தில் அமர்க. மகன் மூன்றடிக் கோல் ஒன்றை வண்டியின் முன்னே நிறுத்தி, அதன் நுனி தந்தையார் கண்ணுக்குத் தெரியும்வரை சிறிது சிறிதாக அப்பால் நகர்த்துக. பின்புறத்திலும் அவ்வாறே செய்க. அவ்விரு தூரங்களையும் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பற்றிய விளம்பரம் எதனிலும் அந்த இரண்டு எண்களும் இரா. வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்திருக்க வேண்டியவை அவையே.